வீடு கட்டும் முன் மனையைத் தயார் செய்தல்: எதை அகற்றுவது, எவ்வளவு மண், எவ்வளவு பணம்

"ஒரு நாள் ஜேசிபி விட்டால் மனை சுத்தமாகிவிடும்" என்று தொடங்கும் வேலைகளில்தான் பணம் கையை மீறிப் போகிறது. புதரும் மரமும் கண்ணில் படுவதால் செலவு அங்கேதான் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் பெரும் செலவு மண்ணை நகர்த்துவதில்தான் ஆகிறது: தோண்டுவது, ஏற்றுவது, வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது, வேறு மண்ணைக் கொண்டுவந்து நிரப்பி இறுக்குவது. ஒரு முறை அள்ளிப் போட்ட மண்ணை இடம் தவறிவிட்டதென்று மறுபடி அள்ளினால், வண்டிக்கும் ஆளுக்கும் மறுபடி காசு தர வேண்டும். அதனால் எந்த மண் எங்கிருந்து எங்கே போகப்போகிறது என்பதை இயந்திரம் உள்ளே வருவதற்கு முன்பே தாளில் முடித்துவிடுங்கள். மரம் வெட்டுவதிலிருந்து ஒப்பந்தம் எழுதுவது வரை மற்றதெல்லாம் இந்தக் கணக்கைச் சுற்றித்தான் அமையும்.

எல்லை, கம்பி, குழாய்

முதலில் எல்லை. நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களை உறுதி செய்யுங்கள். பக்கத்து மனையின் வேலியையோ மரத்தையோ இயந்திரம் சாய்த்துவிட்டால் வரும் வழக்குச் செலவு எந்தப் பட்ஜெட்டிலும் இருக்காது. அளவையாளர் வந்திருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துக்கொள்ளுங்கள்: மனை முழுவதும் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து மட்டம் (தரையின் உயரம்) எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் மண் கணக்கு முழுவதும் இந்த எண்களை நம்பித்தான் நிற்கும். மட்டத்துக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் குறியை வேலை நடக்கும் இடத்துக்கு வெளியே, அசையாத ஒன்றில் போட வேண்டும். மனைக்குள் அடித்த முளைக்குச்சியில் குறித்தால் முதல் நாளே சக்கரம் ஏறி அது போய்விடும்.

பிறகு மேலே போகும் மின்கம்பிகளையும் கீழே போகும் குழாய், கேபிள்களையும் பாருங்கள். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, தொலைத்தொடர்பு என ஒவ்வொரு நிறுவனத்திடமும் அந்தந்தப் பாதையைக் குறித்துத் தரக் கேளுங்கள். வரைபடத்தில் உள்ள இடத்திலேயே குழாய் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். குறித்த கோட்டின் இரு பக்கமும் அரை மீட்டர் அளவுக்காவது கையால் தோண்டிக் குழாயைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இயந்திரத்தின் பக்கெட் அருகில் வர வேண்டும். மேலே கம்பி போகிறதென்றால், தொட்டால்தான் ஆபத்து என்பதில்லை. மின்னழுத்தம் அதிகமான கம்பியில் இயந்திரக் கை நெருங்கினாலே மின்சாரம் பாயும். எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை மின் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தூரத்தில் தரையில் கொடி நட்டுவிடுங்கள். வாயால் சொன்ன தூரம் ஓட்டுநர் மாறும்போது மறந்துபோகும்.

பழைய மனையென்றால் பாழுங்கிணறு, மூடிய கழிவுத்தொட்டி, புதைந்த அஸ்திவாரம் ஆகியவற்றைத் தேடுங்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர்களைக் கேட்பது பல நேரம் எந்தக் கருவியையும்விட நல்ல பலன் தரும். தரை ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கியிருந்தாலோ, அங்கே மட்டும் புல் செழிப்பாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். பழைய கிணற்றிலும் கழிவுத்தொட்டியிலும் எதற்காகவும் யாரையும் இறக்காதீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்தோ நச்சு வாயு தேங்கியோ இருக்கும். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த விபத்துகள் ஏராளம். கழிவுத்தொட்டியைக் காலி செய்து, மேல்மூடியை உடைத்து எடுத்து, நீர் தேங்காமல் இறங்க அடித்தளத்தில் மேலிருந்தே ஓட்டை போட்டு, சரளையோ மணலோ நிரப்ப வேண்டும். கிணற்றை மூடுவதற்கு உங்கள் பகுதியில் என்ன விதி என்று கேட்டுச் செய்யுங்கள். குப்பையைக் கொட்டி மூடினால் நிலத்தடி நீர் கெடும், சில ஆண்டுகளில் தரையும் இறங்கும். பழைய கூரைத் தகடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. இயந்திரத்தை ஏற்றி நொறுக்காமல், அதற்கென்று பயிற்சி பெற்றவர்களை வைத்து முழுத் தகடாகக் கழற்றுங்கள்.

மண்ணைப் பார்ப்பது

மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறிய பங்குதான். மிச்சம் பிடிக்க நினைத்து முதலில் வெட்டப்படுவதும் அதுதான், அது பெரிய தவறு. அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போக வேண்டும், எடுத்த மண்ணையே நிரப்பப் பயன்படுத்தலாமா, பாறை எங்கே தட்டும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. இந்த மூன்றும் தெரியாமல் போடும் பட்ஜெட் வெறும் ஊகம்.

அதற்கும் முன்னால் நீங்களே மண்ணோடு பழகிப் பார்க்கலாம். நேரான சுவருள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, சிட்டிகை சோப்புத்தூள் சேர்த்துச் சில நிமிடங்கள் நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல், அங்கே ஒரு கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதன் மேல் படிந்திருப்பது வண்டல், அங்கே இரண்டாவது கோடு. அதன் பிறகும் கலங்கலாக நின்று ஒரு நாள் கழித்துப் படிவது களி. களிப் பட்டை தடிமனாக இருந்தால் ஈரத்தில் வீங்கிக் காய்ந்தால் சுருங்கும் மண்ணாக இருக்கலாம் என்று பொறியாளரிடம் சொல்லுங்கள். பரிசோதனைக் கூட அறிக்கைக்கு இது மாற்றாகாது. எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குக் காட்டும், அவ்வளவுதான்.

சோதனைக் குழி தோண்டினால் மேலே நின்றே பாருங்கள். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய 1.6 முதல் 1.8 டன் எடை. ஒரு சிறிய காரின் எடைக்கு அது குறையாது. இடுப்புக்கு மேல் ஆழமான குழியின் செங்குத்துச் சுவர் சரியும்போது கத்தக்கூட நேரம் கிடைக்காது. முட்டுக் கொடுக்காத குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது.

எதை விட்டுவைப்பது

மனை முழுவதையும் மழித்துவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. கட்டடம் வரும் இடம், அதைச் சுற்றி வேலை செய்ய 2 மீட்டர், வண்டி வரும் வழி, பொருள் அடுக்கும் இடம் ஆகியவை மட்டும் போதும். மற்ற இடத்தில் இருக்கும் புல்லும் செடியும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றையும் எடுத்துவிட்டால் முதல் பெருமழையில் சேறு தெருவுக்கும் பக்கத்து மனைக்கும் ஓடும். அதைத் திரும்ப அள்ளுவதும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

விட்டுவைக்கும் மரத்துக்கு வேலி அவசியம். அடிமரத்தின் விட்டத்தை ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் அளந்து 12-ஆல் பெருக்குங்கள், 40 செ.மீ. மரத்துக்கு 4.8 மீட்டர் வரும். அவ்வளவு ஆரத்துக்கு வட்டம் போட்டு வேலி அடித்து, அதற்குள் வண்டி, செங்கல், சிமென்ட் கழுவிய நீர் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் 60 செ.மீ. மண்ணிலேயே படர்ந்திருக்கிறது. அதன் மேல் வண்டி ஓடி மண் இறுகினாலோ, அரை மீட்டர் மண்ணைக் கொட்டி உயர்த்தினாலோ வேருக்குக் காற்று போகாது. மரம் உடனே வாடாது, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டுப்போகும். அப்போது வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பட்ட மரத்தை வெட்டுவது, இன்று வெறும் மனையில் வெட்டுவதைவிடப் பல மடங்கு செலவு. காப்பாற்ற முடியாதென்று தெரிந்தால் இப்போதே எடுத்துவிடுவது நல்லது. மரம் வெட்ட அனுமதி வேண்டுமா, பறவைகள் கூடு கட்டும் காலமா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

வண்டி வரும் வழி

கனரக வண்டி புதைந்து நின்றால் அதை இழுக்க இன்னொரு வண்டி வேண்டும். அதுவரை இயந்திரம் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஓடும். 3.5 மீட்டர் அகலமாவது வழி விடுங்கள். அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (மண்ணையும் ஜல்லியையும் பிரித்து வைக்கும் செயற்கைத் துணி) விரித்து, மேலே 20 செ.மீ. ஜல்லி போடுங்கள். 20 மீட்டர் நீளமென்றால் 14 கன மீட்டர் ஜல்லி. துணி இல்லாவிட்டால் ஈரக் களிமண்ணில் ஜல்லி அழுந்திப்போய் இரண்டாவது முறை போட வேண்டியிருக்கும். நிரந்தர வண்டிப்பாதை வரப்போகும் தடத்திலேயே இந்த வழியைப் போட்டால் ஜல்லியை மறுபடி அள்ளவே தேவையில்லை.

புதர், மரம், அடிக்கட்டை

புதரைக் கிளறியெடுக்கும்போது இயந்திரக்காரர்கள் மேல்மண்ணையும் சேர்த்து வழித்துக் குவித்துவிடுவார்கள். அப்படிக் கலந்துவிட்டால் அது மண்ணாகவும் பயன்படாது, விறகாகவும் பயன்படாது; மொத்தமும் குப்பையாக வெளியே போகும், எடைக்குக் காசு வாங்கும் இடமென்றால் மண்ணின் எடைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலில் தரையோடு வெட்டி எடுத்துவிட்டு, வேரை அதன் பிறகு தனியாகக் கிளறச் சொல்லுங்கள். வெட்டிய கிளைகளைத் துண்டாக்கும் இயந்திரத்தில் கொடுத்தால் லோடு எண்ணிக்கை வெகுவாகக் குறையும், அந்த மரத்துண்டுகள் தோட்டத்தில் மூடாக்காகவும் உதவும். தீ வைப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றம். சில செடிகளின் புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

மரத்தைத் தரையோடு அறுக்க வேண்டாம். அடிக்கட்டையை இயந்திரத்தால் எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு மீட்டர் உயரம் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மீட்டர் கட்டைதான் பக்கெட் தள்ளுவதற்கான நெம்புகோல். தரையோடு அறுத்த கட்டையைப் பிடிக்க வழியில்லாமல் சுற்றிலும் அகலத் தோண்ட வேண்டியிருக்கும். குழியும் பெரிதாகும், நேரமும் கூடும். முதலில் நான்கு பக்கமும் பக்கவேர்களை அறுத்துவிட்டு, கட்டையைத் தள்ளி ஆட்டி, கடைசியில் ஆணிவேரை வெட்ட வேண்டும்.

அடிக்கட்டையைக் கிரைண்டரால் அரைப்பது தோட்டப் பகுதியில் சரி. கட்டடத்துக்குக் கீழே அது கூடாது. அரைத்த பிறகும் வேர்கள் உள்ளேயே இருக்கும். மட்கிப்போனபின் அந்த இடம் வெற்றாகி, தரைத்தளம் அங்கே மட்டும் அமுங்கி விரிசல் விடும். மனையிலேயே குழி தோண்டிக் கட்டைகளைப் புதைத்து மண் போட்டு மூடித் தருவதாகச் சிலர் குறைந்த விலை சொல்வார்கள். ஏற்காதீர்கள். அது கரையானுக்கு விருந்து, உங்களுக்குப் பள்ளம்.

கட்டையை எடுத்த குழிதான் இந்த வேலையில் மிக அதிகமாக ஏமாற்றப்படும் இடம். 50 செ.மீ. மரம் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் அளவுக்குக் குழி விடும். அது 2 முதல் 3 கன மீட்டர். ஓட்டுநர் பக்கெட்டால் பக்கத்து மண்ணைத் தள்ளி, மேலே இரண்டு தட்டுத் தட்டி, சக்கரம் ஏற்றிக் காட்டுவார். மேலே கெட்டியாகத்தான் இருக்கும், கீழே முக்கால் மீட்டர் பொலபொலவென்று கிடக்கும். மழை இறங்கும்போது அது படியும். சரியான முறை இது: குழியில் தொங்கும் வேர்களையும் தளர்ந்த மண்ணையும் சுரண்டி எடுங்கள், குழியின் ஓரத்தைப் படிப்படியாக வெட்டுங்கள், வேரில்லாத அடிமண்ணை 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இறுக்கிய பிறகே அடுத்ததைப் போடுங்கள். ஒரு மீட்டர் குழிக்குக் குறைந்தது ஐந்து அடுக்கு. முடித்தபின் 12 மி.மீ. கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். சுற்றியுள்ள கெட்டி மண்ணில் இறங்குவதைவிட எளிதாகக் குழியில் இறங்கினால் வேலை முடியவில்லை. ஒவ்வொரு குழியின் இடத்தையும் வரைபடத்தில் குறித்துப் பொறியாளரிடம் கொடுங்கள்.

களிமண் மனையில் பெரிய மரத்தை வெட்டியிருந்தால் இந்தக் குறிப்பு இன்னும் முக்கியம். மரம் பல காலமாக மண்ணிலிருந்து நீரை உறிஞ்சிச் சுருக்கி வைத்திருக்கும். அது போனபின் ஈரம் மெல்லத் திரும்பி மண் வீங்கும், சில ஆண்டுகள்கூட அது தொடரும். அதன் மேல் ஆழமில்லாத அஸ்திவாரம் போட்டால் வீடு அந்த மூலையில் மேலே தூக்கப்படும். எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பதைப் பொறியாளர் முடிவு செய்ய, மரம் இருந்த இடமும் அதன் உயரமும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

மேல்மண்

கரிய நிறத்தில், வேரும் மட்கும் கலந்திருக்கும் மேலடுக்கு பொதுவாக 10 முதல் 30 செ.மீ. வரை இருக்கும். கட்டடத்துக்குக் கீழே இதை விடக் கூடாது. மட்கு சிதைய அது அமுங்கும். வெளியே அனுப்பவும் கூடாது. தோட்டத்துக்கு இதைவிட நல்ல மண் விலைக்குக் கிடைப்பது கடினம். கட்டடத்துக்கும் வழிக்கும் குறுக்கே வராத இடமாகப் பார்த்துத் தனியாகக் குவியுங்கள், 2 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது அள்ளினால் அதன் கட்டமைப்பு கெட்டுக் கட்டியாகிவிடும். மூடி வையுங்கள், அல்லது சீக்கிரம் முளைக்கும் பயிரின் விதையைத் தூவிவிடுங்கள்.

மண்ணுக்கு மூன்று அளவு

பட்ஜெட் உடையும் இடம் இது. தரையில் இருக்கும் ஒரு கன மீட்டர் மண்ணைத் தோண்டினால் காற்று புகுந்து உப்பும்: மணல் 10 முதல் 15 சதவீதம், சாதாரண மண் 25, களிமண் 30 முதல் 40, உடைத்த பாறை 50 சதவீதமோ அதற்கு மேலோ. அதையே நிரப்பி இறுக்கினால் சுருங்கும். ஆக மண்ணுக்குத் தரை அளவு, வண்டி அளவு, இறுகிய அளவு என்று மூன்று உண்டு. நீங்கள் ஒன்றில் கணக்குப் போட்டு, ஒப்பந்தக்காரர் இன்னொன்றில் பணம் கேட்டால் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும், சண்டையும் வரும்.

ஒரு மனையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 25 × 20 மீட்டர் மனை. கட்டடம் 12 × 9. சுற்றிலும் 2 மீட்டர் சேர்த்தால் வேலைப் பரப்பு 16 × 13, அதாவது 208 சதுர மீட்டர். 15 செ.மீ. மேல்மண் எடுத்தால் தரை அளவில் 31 கன மீட்டர். உப்பியபின் 39. ஒன்றரை மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலமாகக் குவித்தால் பத்தரை மீட்டர் நீளம் பிடிக்கும். மனையில் அதற்கு இடம் இருக்கிறதா என்று இப்போதே வரைந்து பார்த்துவிட வேண்டும்.

இப்போது தளத்தைச் சுற்றுத் தரையைவிட 30 செ.மீ. உயர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் போடும் கணக்கு: 208 × 0.3, ஏறக்குறைய 62 கன மீட்டர். 7 கன மீட்டர் டிப்பரில் 9 லோடு. ஆனால் மேல்மண்ணை எடுத்த பள்ளம் 15 செ.மீ. இருக்கிறதே. நிரப்ப வேண்டியது 45 செ.மீ., அதாவது இறுகிய அளவில் 94 கன மீட்டர். மேட்டின் நான்கு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு என்ற சரிவு விட்டால் இன்னும் 5. இறுகிய ஒரு கன மீட்டருக்கு வண்டியில் 1.3 கன மீட்டர் தேவைப்படும் என்று வைத்தால் மொத்தம் 128 கன மீட்டருக்கு மேல், 19 லோடு. மூன்று அடிக்கட்டைக் குழிகளுக்கு மேலும் இரண்டு லோடு. நினைத்தது 9, ஆவது 21. இங்கே யாரும் ஏமாற்றவில்லை, கணக்குதான் தவறு.

வண்டியின் கொள்ளளவைச் சொன்னபடி எழுதிக்கொள்ளாமல் நாடாவால் அளந்துகொள்ளுங்கள். உள்நீளம் 3.6, அகலம் 2.1, உயரம் 0.9 என்றால் 6.8 கன மீட்டர். தளர்ந்த மண் கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் அது ஏறக்குறைய 9.5 டன், ஈரமாக இருந்தால் வண்டி நிரம்புவதற்கு முன்பே எடை வரம்பு எட்டிவிடும், வண்டி முழுதாக நிரம்பாமல்தான் வரும். மழைக்குப் பின் மண் அடிப்பதில் இந்த நட்டமும் உண்டு.

இயந்திர நேரத்தையும் இதேபோல் கணக்கிடலாம். ஜேசிபி போன்ற இயந்திரத்தின் பின் பக்கெட் கால் கன மீட்டர், ஒரு சுற்றுக்கு 30 நொடி, மணிக்கு உண்மையான வேலை 50 நிமிடம், பக்கெட் 90 சதவீதம் நிரம்புகிறது என்றால் மணிக்கு 22 கன மீட்டர் வரும். 7 கன மீட்டர் டிப்பரை நிரப்ப 19 நிமிடம். டிப்பர் போய்க் கொட்டித் திரும்ப ஒரு மணி நேரமாகும் என்றால், இயந்திரம் ஏறக்குறைய நிற்காமல் ஓட நான்கு டிப்பர் வேண்டும். இரண்டு மட்டும் விட்டு வண்டி வாடகையில் மிச்சம் பிடித்தால், இயந்திரம் ஏறக்குறைய பாதி நேரம் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கும் வாடகை உண்டு.

நிரப்பி இறுக்குவது

வேர், மட்கு, கட்டட இடிபாடு, பிளாஸ்டிக் கலந்த மண்ணை நிரப்பக் கூடாது. 15 முதல் 20 செ.மீ. அடுக்கு என்பது இங்கேயும் விதி. மணலுக்கும் சரளைக்கும் அதிரும் தட்டு நன்றாக வேலை செய்யும். களி கலந்த மண்ணுக்குக் குதித்து இடிக்கும் ரேமர்தான் சரி. தட்டு அதன் மேல்தோலை மட்டும் வழுவழுப்பாக்கும். களிமண்ணில் தண்ணீரைக் கட்டி வைத்துப் படிய விடுவது வீண் வேலை, அது மண்ணைச் சேறாக்கும்.

ஈரம் சரியா என்று கையில் பார்க்கலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடியுங்கள். விரலைத் திறந்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் பளபளக்கக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தூளாகச் சிதறினால் தண்ணீர் தெளியுங்கள். அப்பளமாகத் தட்டையானால் காயவிடுங்கள்; சேற்றை எத்தனை முறை இடித்தாலும் இறுகாது, இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் எழும். கட்டடத்தின் பாரம் நிரப்பிய மண்ணின் மேல் வருமென்றால் பிராக்டர் சோதனையில் (அந்த மண் எவ்வளவு இறுகும் என்று கூடத்தில் பார்ப்பது) வரும் உச்ச அளவில் 95 சதவீத இறுக்கத்தைக் கேட்பது வழக்கம். அதற்கான களச் சோதனைச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி மட்டத்தில் வீட்டைச் சுற்றி முதல் 3 மீட்டருக்கு 15 செ.மீ. வெளிச்சரிவு வேண்டும். மனையின் தாழ்ந்த ஓரத்தில், மண் அரித்துப் போகாமல் தடுக்கும் துணி வேலியை மரம் எடுப்பதற்கு முன்பே நடுங்கள். துணியின் அடியை 15 செ.மீ. மண்ணுக்குள் புதைக்காவிட்டால் தண்ணீர் கீழே புகுந்து போய்விடும்.

பணக் கணக்கு

ஒரு தாளில் வேலை, அளவு, அலகு, விலை, தொகை என்று ஐந்து பத்தி போடுங்கள். அளவு பத்தி காலியாக இருக்கும் எந்த வரிக்கும் விலை கேட்காதீர்கள். விட்டுப்போகும் வரிகள் பெரும்பாலும் இவைதான்:

- இயந்திரத்தைக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்லும் கட்டணம், குறைந்தபட்ச வாடகை மணி
- கொட்டும் இடத்தில் வாங்கும் கட்டணம், கட்டைக்கும் மண்ணுக்கும் தனித்தனியாக
- அனுமதிக் கட்டணங்கள், மட்ட அளவை, மண் மற்றும் இறுக்கச் சோதனை
- தற்காலிக வழி, வேலி, அரிப்புத் தடுப்பு, தண்ணீர், மின்சாரம்
- வேலையின்போது உடையும் சாலை ஓரம், வடிகால் மூடி ஆகியவற்றைச் சரிசெய்வது
- குவித்த மேல்மண்ணைக் கட்டி முடித்தபின் பரப்புவது

கடைசி வரியைப் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை. வீடு முடிந்து கையில் பணம் இல்லாத நாளில்தான் அது நினைவுக்கு வரும்.

ஒப்பந்தத்தை ஒரே வகையில் போட வேண்டியதில்லை. புதர், மரம் இவற்றைக் கண்ணால் எண்ண முடியும் என்பதால் மொத்தத் தொகை பேசலாம். அடிக்கட்டைக்கு மணி வாடகை சரி. ஆனால் இத்தனை மணிக்கு மேல் போனால் கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும் என்று எழுதுங்கள். மண் வெட்டுவதற்கும் நிரப்புவதற்கும் கன மீட்டர் விலைதான் நல்லது. தொடக்கத்தில் எடுத்த மட்டத்துக்கும் முடிவில் எடுக்கும் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் அளக்கப்படும் என்பதை அதே வார்த்தைகளில் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அப்போது உப்பிய கணக்கு நுழைய இடமில்லை. வெளியிலிருந்து வரும் மண்ணை லோடு கணக்கில் வாங்க நேர்ந்தால், வண்டி எண், நேரம், நிரம்பிய உயரம் மூன்றையும் ஒவ்வொரு லோடுக்கும் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

பாறை விலையை முன்பே பேசிவிடுங்கள். பாறை தட்டிய பிறகு, இயந்திரம் குழிக்குள் நின்றுகொண்டிருக்கும்போது பேரம் பேச உங்களுக்கு வழியே இருக்காது. எது பாறை என்பதையும் எழுத வேண்டும்: பக்கெட் பல்லால் தோண்ட முடியாமல், இடித்து உடைக்கும் பிரேக்கர் கருவியை இயந்திரத்தில் மாட்ட வேண்டியது மட்டுமே பாறை.

எதிர்பாராச் செலவுக்கு, சோதனைக் குழிகள் தோண்டிப் பார்த்த காலி மனையென்றால் 10 சதவீதம் போதும். பழைய கட்டடம் இருந்த மனை, நிரப்பிய மண், யாரும் தோண்டிப் பார்க்காத இடம் என்றால் 20 முதல் 25 சதவீதம் ஒதுக்குங்கள். அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். வரவேற்பறைத் தரைக்கு நல்ல கல் வாங்கலாமே என்று கை நீளாமல் இருக்க அதுதான் வழி.

மூன்று பேரிடமாவது விலைப்புள்ளி வாங்குங்கள். மூவருக்கும் ஒரே அளவுத் தாளைக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் எந்த வரியை விட்டுவிட்டார் என்று பாருங்கள்; பெரும்பாலும் கொட்டும் கட்டணமோ இறுக்கும் வேலையோ அதில் இருக்காது. பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். முன்பணம் சிறியதாக இருக்கட்டும். அடிக்கட்டைக் குழிகளை மூடும் நாளில் நீங்களோ உங்கள் பொறியாளரோ நேரில் நின்று ஒவ்வொரு அடுக்கையும் பார்த்த பிறகே அந்தக் கட்டத்துக்கான பணத்தைக் கொடுங்கள். கடைசி 10 சதவீதத்தை, முடிவு மட்டத்தை அளந்து சரிபார்த்து, ஒரு மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பின் கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.